சமாளிப்பு என்றால் பூசி மெழுகுவதல்ல: கொள்ளைநோய்க் காலமும் கல்லூரி மாணவரும்

வைவா எனும் வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல், பக்கத்துப் பாடத்திலிருந்து நாலு வார்த்தையை எடுத்துவிட்டு வெளியே வருகிறவனிடம் நண்பர்கள் கேட்பார்கள்: "என்னடா, சமாளிச்சியா?" நம் பேச்சில் சமாளிப்பு என்றால் பெரும்பாலும் இதுதான். அந்த நேரத்துக்குப் பூசி மெழுகித் தப்பித்துக்கொள்வது.

உளவியலில் இந்தச் சொல்லுக்கு இன்னும் கனமான வேலை உண்டு. 1984-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் தந்த விளக்கத்திலிருந்துதான் இன்றும் பாடம் தொடங்குகிறது. நெருக்கடி ஒன்று வந்ததும் மனம் தனக்குள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறது. 'இதனால் எனக்கு என்ன போகும்?' என்பது முதலாவது. 'இதற்கு என் கையில் என்ன இருக்கிறது?' என்பது இரண்டாவது. போகப்போவது பெரிதாகவும் கையில் இருப்பது சிறிதாகவும் தெரிகிறபோது வருவதுதான் மன அழுத்தம். கொரோனா கொள்ளைநோய்க் காலத்தின் ஒரே ஊரடங்கு, தனி அறையும் வைஃபையும் உள்ள மாணவிக்கு எரிச்சலாகவும், அண்ணனின் போனை இரவல் வாங்கி வகுப்பு கேட்கிற மாணவிக்கு மூச்சு முட்டுவதாகவும் இருந்ததற்கு இதுதான் காரணம். இரண்டாமவர் 'மனசு திடமில்லாதவர்' என்பது இல்லை. அவருடைய இரண்டாவது கேள்விக்கு விடை குறைவு, அவ்வளவுதான்.

இந்த அழுத்தத்தை எதிர்கொள்ள மனிதர்கள் செய்வதுதான் சமாளிப்பு. அதை லாசரஸும் ஃபோக்மனும் இரண்டாகப் பிரித்தார்கள். பிரச்சினையையே பிடித்துத் திருத்துவது ஒன்று. சிக்னல் வரும் இடத்தைத் தேடுவது, கட்டணத்துக்குத் தவணை கேட்டு மனு எழுதுவது எல்லாம் இந்த வகை. பிரச்சினையால் உள்ளே எழும் பயத்தையும் வருத்தத்தையும் தாங்கிக்கொள்ளும்படி ஆக்குவது இன்னொன்று. நண்பரிடம் புலம்புவது, நடக்கப் போவது, சாமி கும்பிடுவது, செய்தியை அணைத்துவைப்பது இந்த வகை. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கிடையாது. மாற்றக்கூடியதற்கு முதல் வகை, மாற்ற முடியாததற்கு இரண்டாம் வகை. கொள்ளைநோய்க் காலத்தில் மாணவர்கள் சறுக்கிய இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதுதான் தெரியும். பல்கலைக்கழகம் எடுக்கவேண்டிய முடிவைத் தன் கவலையால் மாற்றிவிடலாம் என்பதுபோல ராத்திரி முழுக்க வாட்ஸ்அப் குழுவில் கிடப்பார்கள். தன் கையில் இருக்கிற ரெக்கார்டு நோட்டையோ 'என்ன செய்ய முடியும், காலம் அப்படி' என்று தள்ளிப்போடுவார்கள்.

ஒரு பையோடு ஊருக்குப் போனவர்கள்

தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் இந்தக் கோட்பாடு தரைக்கு இறங்கும். 2020 மார்ச் 17 முதல் கல்லூரிகளை மூடச் சொன்னபோது, சொல்லப்பட்ட கெடு மார்ச் 31. இரண்டு வாரம்தானே என்று பலர் ஒரு பையில் நாலு உடுப்போடு ஹாஸ்டலை விட்டுக் கிளம்பினார்கள். மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. புத்தகம், லேப்டாப், சிலருக்கு அசல் சான்றிதழ்கள்கூட பூட்டிய அறைக்குள்ளேயே கிடந்தன. ஜூன் மாதம் சென்னையில் தொற்று ஏறியபோது, அண்ணா பல்கலைக்கழக விடுதிகளைத் தனிமைப்படுத்தும் மையமாக்கத் தரும்படி மாநகராட்சி கேட்டது. அறையில் கிடக்கும் பொருளை என்ன செய்வது என்பது அன்று ஒரு பெரிய தலைவலி.

அந்த ஆண்டு டிசம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்கும், 2021 பிப்ரவரி 8 முதல் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது. மார்ச் இறுதியில் மறுபடியும் வீடு. மே மாதம் இரண்டாவது அலை உச்சத்துக்குப் போய், மாநிலத்தில் ஒரே நாளில் 36,000-க்கும் மேல் புதிய தொற்று பதிவானது. செப்டம்பர் 1-ல் மறுபடி திறப்பு. 2022 ஜனவரியில் ஒமைக்ரானால் மறுபடி ஆன்லைன். 2018-ல் பி.ஏ. சேர்ந்தவர் தன் கடைசி ஆண்டின் பெரும்பகுதியை வீட்டிலேயே முடித்தார். சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழ் மாணவர்களின் கதை இன்னும் நீளம். 2020 தொடக்கத்தில் ஊருக்கு வந்தவர்களுக்குத் திரும்பிப்போக விசா வழி திறந்தது 2022 ஆகஸ்டில்தான்.

இந்த வரிசையில் கவனிக்கவேண்டியது, திறப்பும் மூடலும் மாறிமாறி வந்தது. ஒரு முறை மட்டும் நடக்கும் இழப்புக்கு மனம் கொஞ்சநாளில் பழகிவிடும். எப்போது முடியும் என்றே தெரியாமல், முடிந்ததுபோல் காட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குப் பழகுவதுதான் கடினம். முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு வேகம் இருக்கும். புது மொழி கற்கலாம், உடற்பயிற்சி செய்யலாம் என்று அட்டவணை போடுவார்கள். மூன்றாவது மாதத்துக்கு மேல் அந்த வேகம் வற்றிவிடும். சமாளிப்பு உண்மையாகத் தேவைப்படுவது அப்போதுதான். ஆகவே முதல் வார உற்சாகத்தை வைத்து ஆறு மாதத் திட்டம் போடாதீர்கள்.

ஒரு தாள், நடுவில் ஒரு கோடு

செய்யவேண்டிய முதல் வேலைக்கு இருபது நிமிடம் போதும். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். மனதை அரிக்கும் எல்லாவற்றையும் முதலில் தனியாக எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் இடப்பக்கம் 'என் கையில்', வலப்பக்கம் 'என் கையில் இல்லை' என்று பிரியுங்கள். தேர்வு நடக்குமா என்பது வலம். நடந்தால் எழுதத் தயாராக இருப்பது இடம். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு கம்பெனி வருமா என்பது வலம். ரெஸ்யூமே இடம். அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்பது வலம். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசித் தேதி இடம்.

இடப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நேராக, அரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய ஒரு சின்ன வேலையை எழுதவேண்டும். 'ப்ராஜெக்டை முடிப்பது' என்று எழுதினால் அது அப்படியே கிடக்கும். 'இரண்டாம் அத்தியாயத்துக்கு மூன்று தலைப்பு எழுதி கைடுக்கு அனுப்புவது' என்றால் நடக்கும். வலப்பக்கத்துக்குச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: அந்தச் செய்தி அதிகாரபூர்வமாக எங்கே வரும் என்று எழுதிவைப்பது. பல்கலைக்கழக இணையதளம், துறைத்தலைவரின் அறிவிப்பு, அவ்வளவே. அதை நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். வாரம் ஒரு முறை தாளைப் புதிதாக எழுதுங்கள். வலத்திலிருந்து இடத்துக்கு வந்தவை இருக்கும்.

இதில் எங்கே கோளாறு வருகிறது என்பதற்கு 2020-ஐவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இறுதிப் பருவத் தேர்வைச் செப்டம்பருக்குள் நடத்தியே ஆகவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஜூலை 6-ல் சொன்னது. அதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 28-ல்தான் தீர்ப்புச் சொன்னது: இறுதியாண்டுக்குத் தேர்வு இல்லாமல் பட்டம் கிடையாது. நடுவில் 53 நாள். அந்த நாட்களை 'நடக்குமா நடக்காதா' என்ற வாதத்திலேயே கழித்தவர்களுக்குச் செப்டம்பரில் படிக்க நேரம் இல்லை.

அரியர் விஷயம் இன்னும் மோசம். தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் பாடத்திலும் தேர்ச்சி என்று ஆகஸ்ட் 26-ல் மாநில அரசு அறிவித்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம், பேனர், மீம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் (ஏஐசிடிஇ) இதை ஏற்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2021 ஏப்ரலில், தேர்வே எழுதாமல் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டவர்கள் மறுபடி இறக்கவேண்டியதாயிற்று. கையில் இல்லாத முடிவின்மேல் பந்தயம் கட்டக்கூடாது. நிச்சயமில்லாத தேர்வுக்கு முழுமூச்சாகப் படிப்பதும் நடக்காத காரியம்தான். இடைப்பட்ட வழி ஒன்று உண்டு: பாடத்துக்கு நாள்தோறும் நாற்பது நிமிடம், முந்தைய ஐந்து கேள்வித்தாளில் திரும்பத் திரும்ப வந்த யூனிட்கள் மட்டும். தேர்வு அறிவித்தால் அதன்மேல் கட்டிக்கொள்ளலாம், ரத்தானால் நட்டம் பெரிதில்லை.

முதலில் உடைவது தூக்கம்

கல்லூரி என்பது பாடம் மட்டும் இல்லை, ஒரு கடிகாரமும்கூட. எட்டு மணி பஸ், பதினொரு மணி டீ, ஒரு மணிக்கு மெஸ் என்று உடம்புக்கு நேரம் சொல்லிக்கொண்டே இருக்கும். அது போனதும் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பின்னால் நழுவத் தொடங்கும். இளம் வயதில் இயல்பாகவே தூக்கம் தாமதமாகத்தான் வரும் என்பதால் நழுவும் வேகம் இன்னும் கூடுதல். இரண்டு மாதத்தில் காலை 3 மணிக்குப் படுத்து 11 மணிக்கு எழுவது என்று ஆகிவிடும். மணிக்கணக்கில் எட்டு மணி நேரத் தூக்கம்தான், ஆனால் காலை வெயில் கண்ணில் படாது, காலைச் சாப்பாடு கிடையாது, வீட்டில் பேச்சும் கிடையாது. வீட்டார் பார்வையில் 'சும்மா தூங்கிக்கிட்டே இருக்கிறவன்'.

சரிசெய்யும்போது பலரும் படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுப்பார்கள். வராத தூக்கத்தை வா என்றால் வராது. எழும் நேரத்தைத்தான் பிடிக்கவேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை அலாரத்தை அரை மணி முன்னால் தள்ளுங்கள். 11-லிருந்து 7-க்கு வர பதினாறு நாள் ஆகும். எழுந்த அரை மணிக்குள் மொட்டைமாடியிலோ வாசலிலோ பதினைந்து இருபது நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் அறை விளக்கைவிட வெளியே பல மடங்கு வெளிச்சம் உண்டு. பகலில் தூங்கினால் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். டீ, காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே கடைசி டீ நாலு மணிக்குள். ஞாயிற்றுக்கிழமை 'இன்னிக்கு மட்டும்' என்று பத்து வரை தூங்கினால் பாதி வாரத்து உழைப்பு போய்விடும். இந்த முயற்சி தோற்றுப்போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான்.

படுக்கையிலேயே சாய்ந்துகொண்டு வகுப்பு கேட்பதை விட்டுவிடுங்கள். தரையில் ஒரு பாய், அதன்மேல் முக்காலி இருந்தாலும் போதும், அது 'காலேஜ்'. பாயைச் சுருட்டினால் காலேஜ் முடிந்தது. சின்ன வீட்டில் தனி அறைக்குப் பதிலாக இந்தச் சுருட்டும் வேலை எல்லை போட்டுத் தரும்.

டேட்டாவும் சிக்னலும் பிடிஎஃப்பும்

ஆன்லைன் வகுப்புக்குக் கணக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஜூம் போன்ற செயலியில் பலர் சேர்ந்த வீடியோ வகுப்புக்கு, சாதாரணத் தரத்திலேயே மணிக்குச் சுமார் 800 எம்பி போகும். ஐம்பது நிமிட வகுப்பு ஐந்து என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல், அதாவது மூன்று ஜிபியைத் தாண்டும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா டேட்டா கார்டு தந்தது. அதில் நாளுக்கு 2 ஜிபி. பெரிய உதவிதான், ஆனால் எல்லோரும் கேமராவை ஆன் செய்து வைக்கும் வகுப்புக்கு அது மதியத்தோடு தீர்ந்துவிடும். குரல் மட்டும் கேட்டால் மணிக்கு 100 எம்பிக்கும் குறைவு. உங்கள் கேமராவை அணைப்பதோடு, மற்றவர்களின் வீடியோ உங்களுக்கு வருவதையும் செயலியின் அமைப்பில் நிறுத்தவேண்டும். டேட்டாவைத் தின்பது பெரும்பாலும் வருகிற வீடியோதான், பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆசிரியரிடம் ஸ்லைடையும் ஆடியோவையும் தனியாகக் கேட்டு வாங்கினால் சிக்னல் இல்லாத ஊர்க்காரருக்கு அதுவே வகுப்பு.

வகுப்பைக் கேட்கும்போது பேனா கையில் இருக்கவேண்டும். ஒரு வகுப்புக்கு அரைப் பக்கம், மூன்று கேள்வி. எதிரே ஆசிரியர் முகம் இல்லாதபோது கவனத்தைப் பிடித்துவைக்க ஏதாவது ஒரு கைவேலை தேவை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திரையை விட்டு இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது நொடி பாருங்கள். எதிர்வீட்டு வேப்பமரம் போதும்.

ஆய்வகப் பாடம் திரையில் வராது, அதை ஒப்புக்கொள்வதே நல்லது. வேதியியல் ஆய்வகத்தின் டைட்ரேஷன் வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் பியூரெட் குழாயைத் திருகும் விரல் பழகாது. அந்தக் காலத்தில் செய்யக்கூடியது செய்முறையின் தர்க்கத்தைப் படிப்பது: ஏன் இந்த இன்டிகேட்டர் (நிறம் மாறிக் காட்டும் பொருள்), எந்த இடத்தில் பிழை வரும், அளவீடு தந்தால் கணக்கு எப்படி. கல்லூரி திறந்ததும் கைப்பழக்கத்துக்கு முதல் இரண்டு வாரத்தை ஒதுக்கித் தரும்படி துறையிடம் வகுப்பாகச் சேர்ந்து கேட்கலாம், தனியாளாகக் கேட்டால் எடுபடாது.

ஆன்லைன் தேர்வில் மதிப்பெண் போனது பாடம் தெரியாததால் மட்டும் இல்லை. வீட்டிலிருந்து எழுதி, தாளைப் படமெடுத்து ஏற்றும் தேர்வில் எங்கெல்லாம் உடையும் என்று பாருங்கள். போன் கேமராவில் ஒரு பக்கம் மூன்று நாலு எம்பி, இருபது பக்கம் என்றால் 60 எம்பிக்கு மேல். தளம் வாங்காது. ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அதே இருபது பக்கம் சில எம்பிக்குள் அடங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் பதிவெண்ணும் பக்க எண்ணும் முதலிலேயே எழுதிவிடுங்கள், அவசரத்தில் பக்கம் மாறினாலும் திருத்துகிறவருக்குப் புரியும். சொந்த நிழல் தாளில் விழாதபடி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து எடுக்கவேண்டும். கோப்பின் பெயர் சொன்னபடி இருக்கவேண்டும். எழுதி முடித்து எழுந்திருக்கும் நேரத்தைக் கடைசி நொடியில் வைக்காமல் பத்து நிமிடம் முன்னால் வையுங்கள். ஏற்றியதும் வரும் ஒப்புகையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமியுங்கள், பின்னால் 'ஆப்சென்ட்' என்று வந்தால் அதுதான் உங்கள் சாட்சி. தேர்வுக்கு முன்தினம் இதே வேலையை ஒரு முறை முழுக்கச் செய்து பார்த்தவருக்கு அன்று கை நடுங்காது.

கேமரா வழியே செயற்கை நுண்ணறிவு கண்காணிக்கும் தேர்வில் ஆபத்து வேறு மாதிரி. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகி, 'ஆள் இல்லை' என்று அது குறித்துக்கொள்ளும். கேள்வியை வாய்விட்டு முணுமுணுத்தால், பின்னால் தங்கை நடந்து போனால், கண் அடிக்கடி கீழே போனால் எல்லாம் குறி. விளக்கு முகத்துக்கு எதிரே, சுவர் முதுகுக்குப் பின்னே, கதவில் ஒரு துண்டுத்தாள். வீட்டாரிடம் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பதும் தேர்வுத் தயாரிப்பில் சேர்ந்ததுதான்.

வீட்டுக்குள் மாணவர்

ஹாஸ்டலில் இருந்தவர் வீட்டுக்கு வந்ததும் மாணவர் என்ற அடையாளம் மங்கிவிடுகிறது. அவர் மறுபடி மகன், மகள். ரேஷன் கடை, தம்பியின் பாடம், மாடு, கடை, சமையல். பெண்களுக்கு இது இரட்டிப்பு. திரையில் வகுப்பு ஓடுகிறபோது 'போன்லதானே இருக்கே, அந்தக் குக்கரைப் பாரேன்' என்பதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வகுப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை, அதனால்தான். வாய்ச்சண்டையால் இது தீராது. வாரத்தின் நேர அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். 'நாள் முழுக்க என்னைத் தொந்தரவு செய்யாதீங்க' என்று கேட்காமல், 'பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் கூப்பிடாதீங்கம்மா, அதுக்கப்புறம் நான் வர்றேன்' என்று கேளுங்கள். சொன்னபடி பன்னிரண்டுக்கு எழுந்து போங்கள். இரண்டு வாரம் இப்படி நடந்தால் அந்த இரண்டு மணி நேரம் உங்களுடையது.

வருமானம் நின்ற வீட்டில் மகன் டெலிவரி வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போவது குற்றமும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆனால் கல்லூரிக்குத் தெரியாமல் காணாமல் போவது ஆபத்து. வருகைப்பதிவு குறைந்து, இன்டர்னல் மார்க் விழுந்து, வெட்கத்தில் பேசாமலேயே படிப்பு நின்றுபோகிறது. துறைத்தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம்: நிலைமை என்ன, எந்த நேரம் வகுப்புக்கு வர முடியும், என்ன சலுகை வேண்டும் (தவணை, பதிவு செய்த வகுப்பு, ஒப்படைக்கும் தேதி), எத்தனை மாதத்துக்கு. மின்னஞ்சலில் அனுப்பினால் தேதியோடு பதிவாக நிற்கும்.

உள்ளே நடப்பதற்கு

இனி இரண்டாம் வகை. மாற்ற முடியாததால் உள்ளே எழும் உணர்வுக்கு முதல் உதவி அதற்குப் பெயர் வைப்பது. 'ஒரு மாதிரியா இருக்கு' என்பதைப் பயம், ஏமாற்றம், பொறாமை, சலிப்பு, துக்கம் என்று பிரித்துச் சொல்ல முயலுங்கள். ஃபேர்வெல் நடக்கவில்லை, கான்வகேஷன் அங்கியைப் போடவில்லை, கடைசி பென்ச் நண்பனைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பதே நினைவில்லை. ஊரில் சாவு விழுந்துகொண்டிருந்தபோது இதையெல்லாம் சொல்ல மாணவர்கள் கூச்சப்பட்டார்கள். ஆனால் இதுவும் இழப்புதான், துக்கம் என்ற பெயர் இதற்கும் பொருந்தும். சொல்லாமல் விட்டால் அது வேறு வேடத்தில், பெரும்பாலும் அம்மாவிடம் கோபமாக, வெளியே வரும்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவது உளவியல் சிகிச்சையில் பழகிய முறை. மாலையில் பதினைந்து நிமிடம், ஒரே இடத்தில். பகலில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு 'ஆறு மணிக்குப் பார்க்கலாம்' என்று தள்ளுங்கள். ஆறு மணிக்குப் பட்டியலைப் பார்க்கும்போது பாதி உளுத்துப்போயிருக்கும். படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. தொற்று எண்ணிக்கைச் செய்தியை நாளுக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

ஆறுதலுக்கும் தப்பி ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் செயலில் இல்லை, அளவிலும் விளைவிலும் இருக்கிறது. ஒரு படம் பார்ப்பது ஆறுதல். விடிய விடிய கேம் ஆடி, மறுநாள் ஒப்படைக்கவேண்டியதை மறந்தால் அதே பொழுதுபோக்கு தப்பித்தல். எழுந்திருக்கும்போது கேட்டுப்பார்க்கலாம்: உட்காரும்போது இருந்த பிரச்சினை இப்போது அதே அளவா, வளர்ந்திருக்கிறதா? வளர்ந்திருந்தால் அது தப்பித்தல்தான்.

துணை விஷயத்தில் எண்ணிக்கை முக்கியமில்லை. எழுபது பேர் உள்ள வகுப்புக் குழு வதந்தியைத்தான் வளர்க்கும். நம்பிப் பேசக்கூடிய இரண்டு மூன்று பேர் போதும், ஆனால் நேரம் குறித்துப் பேசவேண்டும். இன்னொரு எளிய வழி, மூன்று நாலு பேர் சேர்ந்து மாலை ஏழிலிருந்து எட்டரை வரை கூகுள் மீட்டில் ஒலியை அணைத்துவைத்து அவரவர் பாடத்தைப் படிப்பது. பேச்சே கிடையாது. எதிரே ஒருவர் குனிந்து எழுதுவது தெரிந்தாலே கை தானாக எழுதும்.

சமாளிப்பு போதாத இடம்

இத்தனை சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. இவை எல்லாம் அழுத்தத்துக்கு மருந்து, நோய்க்கு அல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாக ஏறக்குறைய எல்லா நாளும் மனம் இருண்டு கிடப்பது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் தலைகீழாவது, குளிக்கக்கூட எழ முடியாதது, 'நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நல்லது' என்ற எண்ணம் வருவது இவை தெரிந்தால் அட்டவணையும் நடைப்பயிற்சியும் போதாது. கடைசியாகச் சொன்ன எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கவேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. தமிழில், எந்த நேரமும், கட்டணம் இல்லாமல். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் உண்டு. அழைத்தவுடன் என்ன சொல்வது என்ற தயக்கம்தான் பலரை நிறுத்துகிறது. 'நான் காலேஜ் படிக்கிறேன், மூணு வாரமா எதுவும் ஓடலை, பேசணும்' என்றால் போதும். மீதியை அவர்கள் கேட்பார்கள்.

நண்பர் ஒருவர் இப்படிப் பேசினால் அறிவுரை வேண்டாம். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டபின் தனியே விடாமல், வீட்டுப் பெரியவர் ஒருவரையும் ஆலோசகரையும் இணைத்துவிடுங்கள்.

உடம்புக்கு வந்தால் செய்யவேண்டியதையும் முன்பே தெரிந்துவைத்திருப்பது மனதுக்குப் பாதி நிம்மதி. கொரோனா போன்ற சுவாச நோயில் ஆக்ஸிஜன் மானியைக் கையில் வைத்திருப்பவர்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்தபின், நகச்சாயமோ மருதாணியோ இல்லாத, குளிர்ந்திராத விரலில் மாட்டவேண்டும். எண் நிலைத்து நின்றபின் படியுங்கள். 94-க்குக் கீழே காட்டினால், அல்லது மூச்சு வாங்கினால், மருத்துவமனை. காய்ச்சலோடு வகுப்பில் 'பிரசன்ட்' சொல்லிக்கொண்டிருப்பது வீரம் இல்லை. மருத்துவச் சீட்டைப் படமெடுத்து அன்றே கல்லூரிக்கு அனுப்பிவிட்டுப் படுங்கள்.

திரும்பிப் போவதும் ஒரு சமாளிப்பு

கல்லூரி திறந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2020 டிசம்பரில் திறந்த சில நாட்களிலேயே சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று. இயங்கிய ஒரே மெஸ்ஸில் கூடிச் சாப்பிட்டதைச் சுகாதாரத்துறை சுட்டிக்காட்டியது. வகுப்பறையில் முகக்கவசம் இருக்கும், சாப்பிடும்போது இருக்காது. ஆகவே பொட்டலச் சாப்பாடு, மாற்றி மாற்றி நேரம், திறந்த ஜன்னல் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கவேண்டியவர்கள் மாணவர்கள்தான்.

2020-ல் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். இரண்டாம் ஆண்டில்தான் வளாகத்தைச் சரியாகப் பார்த்தார்கள். சீனியர் என்று அழைக்கப்பட்டார்கள், நூலக அட்டை எங்கே வாங்குவது என்று தெரியவில்லை. முதலாண்டுக்காரருக்குக் கிடைக்கும் அறிமுகமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதில் வெட்கம் வேண்டியதில்லை. ஒரு நாள் மதியத்தை ஒதுக்கி அலுவலகம், தேர்வுப் பிரிவு, நூலகம், ஆய்வகம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு நடந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது.

2021 நவம்பரில் நேரடித் தேர்வு என்றதும் பல ஊர்களில் மாணவர்கள் ஆன்லைனே வேண்டும் என்று போராடினார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டியவர்கள் பலர். ஒன்றரை ஆண்டாகத் தொடர்ந்து மூன்று மணி நேரம் பேனா பிடிக்காத கையை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து வேகமும் ஒரு தசைப் பழக்கம், விட்டால் போய்விடும், பிடித்தால் வந்துவிடும். தேர்வுக்கு ஐந்து வாரம் முன்னால் தொடங்குங்கள். முதல் வாரம் நாளுக்கு அரை மணி, நிறுத்தாமல், பார்த்து எழுதினாலும் சரி. அடுத்த வாரம் ஒரு மணி, பாராமல். மூன்றாம் வாரம் ஒன்றரை மணி, கேள்வித்தாளில் பாதி. நாலாம் வாரம் இரண்டு மணி. கடைசி வாரம் இரண்டு நாள் மட்டும் முழு மூன்று மணி நேரம், தேர்வு நடக்கும் அதே வேளையில், போன் அடுத்த அறையில். கட்டைவிரலின் அடியில் வலி வந்தால் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கொஞ்சம் தடித்த பேனாவுக்கு மாறி, பிடியைத் தளர்த்துங்கள்.